சல்லடையில் நின்றதெல்லாம் மருந்தாகிவிடுமா?

மூட்டை தூக்குகிற தோழருக்குத் தோள் வீங்குகிறது. தறிக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிறவருக்குக் கணுக்கால் வீங்குகிறது. நாற்று நடுகிற தாய்மாருக்கு இடுப்பு, கல் உடைக்கிறவருக்கு மணிக்கட்டு, பஸ் ஓட்டுகிறவருக்கு முதுகுத் தண்டு. எந்தத் தொழிற்சங்க ஆபீசில் வேண்டுமானாலும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்: கூலிப் பேச்சும் போனஸ் பேச்சும் ஓய்ந்ததும் வலிப் பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்றை டீயோடு விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். மாதக்கணக்கில் இப்படி விழுங்கி வயிறு புண்ணானவர்களும், சிறுநீரகம் கெட்டவர்களும் நம்மிடையே உண்டு.

இந்த வலியை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு வியாபாரக் கூட்டம் வருகிறது. பழைய நாளில் "இமயமலைச் சாமியார் கொடுத்தது", "சித்தர் ஓலையில் கண்டது" என்று சொல்லிச் சூரணம் விற்றார்கள். இன்று சாமியார் பேச்சு மட்டும் எடுபடுவதில்லை. அதனால் அந்தப் பீடத்தில் கம்ப்யூட்டரை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். "எங்கள் மூலிகையிலுள்ள வஸ்து வீக்கத்தை அடக்கும் என்று கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் நிரூபணம் ஆகிவிட்டது" என்கிறார்கள். கேட்கிற தொழிலாளி என்ன செய்வார்? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று மடியை அவிழ்க்கிறார்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, தோழர்களே! அது என்ன கேட்கப்பட்டதோ அதற்குப் பதில் சொன்னது. கேட்ட கேள்வி ஒன்று, விற்கிற பொட்டலத்தில் அச்சடித்த பதில் வேறொன்று. பித்தலாட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. ஆகவே, கம்ப்யூட்டரில் மூலிகையைச் சலிக்கிற வேலை என்ன என்பதைப் பாட்டாளி மக்கள் புரிந்துகொண்டாக வேண்டும். சலிக்கப்படுவது நம் மண்ணின் செடி. செலவாவது நம் வரிப்பணம். கடைசியில் விழுங்குகிறவர்களும் நாம்.

உடம்பில் அடிபட்டாலோ தேய்ந்தாலோ அந்த இடத்தில் சூடு, சிவப்பு, வீக்கம், வலி நான்கும் சேர்ந்து வருகின்றன. இதை அழற்சி என்கிறோம். இதை மூட்டிவிடுவதில் ஒரு நொதிக்குப் பெரும் பங்கு உண்டு. காக்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். உயிரணுவின் சவ்விலிருந்து வருகிற கொழுப்பு அமிலம் ஒன்றை வாங்கி, வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற பொருளாக மாற்றிக் கொடுக்கிற சின்னஞ்சிறு ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலைக்கு ஒரு நீண்ட குகை போன்ற வாசல் இருக்கிறது. ஆஸ்பிரின் முதல் டைக்ளோஃபெனாக் வரை நாம் விழுங்குகிற வலி மாத்திரைகள் அந்த வாசலில் போய் அடைத்துக்கொண்டு உட்காருகின்றன. கச்சாப்பொருள் உள்ளே போகாது, உற்பத்தி நிற்கிறது.

ஒரு வேடிக்கை: ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வில்லோ மரப்பட்டையில் இருக்கிற சரக்கின் வம்சாவளிதான் அது. ஆனால் அது இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற விஞ்ஞானி கண்டு சொன்னது 1971-ல். எழுபது வருஷம் பூட்டு இன்னதென்று தெரியாமலே சாவி வேலை செய்துகொண்டிருந்தது! இப்போது தலைகீழ் நிலை. பூட்டின் படம் அங்குலம் அங்குலமாகத் தெரியும், சாவியைத் தேடுகிறார்கள்.

புரதங்களின் வடிவங்களை எக்ஸ்ரே முதலிய முறைகளால் அளந்து, உலகத்தார் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி 1971 முதல் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வருகிறார்கள். இன்று அதில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. இந்த இடத்தில் நாம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் மடங்கவே முடியாது என்று 1963-ல் கணக்குப் போட்டு வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும். புரத வடிவம் ஒன்று சரியா, தப்பா என்று இன்றைக்கும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறார்கள். நம் மூட்டிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் முறுக்கை 1950-களில் விடுவித்ததும் அதே ராமச்சந்திரன்தான். கோடீசுவரக் கம்பெனி எதுவும் அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. பொதுப்பணத்தில் நடந்த பல்கலைக்கழகம் நின்றது.

பூட்டு கிடைத்தது. சாவிக் கொத்து? அதற்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் இந்திய மூலிகைகளைப் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் துருவி, 2018-ல் ஒரு தகவல் களஞ்சியம் வெளியிட்டார்கள். பிறகு அதை விரிவாக்கினார்கள். விரிந்த பதிப்பில் 4,010 மூலிகைகளும், அவற்றிலுள்ள 17,967 வேதிப் பொருள்களும் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பொருத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராமோ இனாமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறையும் அந்த நொதியின் வாசலில் இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, எந்த நிலையில் நன்றாக ஒட்டும் என்று கணக்கிட்டு அது மார்க் போடுகிறது. ஆய்வுக் கூடத்தில் ஒவ்வொன்றாக இடித்து, வடித்துப் பார்த்தால் வருஷங்கள் பிடிக்கிற வேலை. கம்ப்யூட்டர் அதைச் சில நாட்களில் சலித்து, "இந்த ஐம்பதை முதலில் பார்" என்று எடுத்துக் கொடுக்கிறது.

இது வேண்டாம் என்று எந்த முட்டாள் சொல்வான்? கையில் காசு குறைந்த நாட்டுக்கு இது வரப்பிரசாதம். மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று முகம் சுளிக்கிற தோழர்கள் சிலர் நம்மிடையே உண்டு; அவர்களுடைய அபிப்பிராயம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் சல்லடை சல்லடைதான். அரிசியைச் சலித்தவுடன் யாரும் "சோறு ஆயிற்று, இலை போடு" என்று சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் போட்ட மார்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒட்டும் பலத்தைக் கலோரிக் கணக்கில் அது சொல்கிறது. அந்தக் கணக்கில் 1.4 வித்தியாசம் வந்தாலே உண்மையில் பிடிப்பு பத்து மடங்கு மாறிப்போகும். கணக்கில் வரக்கூடிய பிழையோ 2-க்கும் மேலே போவதுண்டு என்று அந்தப் புரோகிராமைச் செய்தவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மூலக்கூறாக இருந்தால் ஒட்டுவதற்கு இடம் அதிகம். அதனாலேயே மார்க்கும் கூடிவிடும். தவிர, திரையில் அந்த நொதி பெரும்பாலும் கற்சிலை மாதிரி நிற்கிறது. உடம்புக்குள் அது மூச்சு விடுகிறது, அசைகிறது, சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுங்கிய வஸ்து குடலைத் தாண்டி இரத்தத்தில் சேருமா, ஈரல் அதை விட்டுவைக்குமா, மூட்டு வரைக்கும் போய்ச் சேருமா என்ற கேள்விகளை அந்த மார்க் தொடுவதே இல்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் என்ற பொருளைத் திரையில் வைத்தால் ஒரு பூட்டல்ல, ஒன்பது பூட்டில் பொருந்தும்! எத்தனை எத்தனை கட்டுரைகள்! ஆனால் 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தபோது, அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிக மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. மிளகிலுள்ள பைப்பரினைக் கொஞ்சம் சேர்த்ததும் இருபது மடங்கு ஏறியது. "அப்படியானால் மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரை!" என்று உடனே கடை விரித்தார்கள். அதையும் சொல்லிவிடுவோம்: மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஈரல் நிபுணர்கள் 2022-ல் எழுதினார்கள், அதில் ஒருவர் இறந்துபோனார். குழம்பில் போடுகிற மஞ்சளைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிழிந்து, வடித்து, செறிவாக்கி, குப்பியில் அடைத்த பிறகு அது சமையல் சரக்கு அல்ல. மருந்துக்குக் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேட்கத்தான் வேண்டும்.

"பூட்டுக்குச் சாவி பொருந்திவிட்டால் போதாதா?" என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு வயாக்ஸ் கதையைச் சொல்கிறோம். காக்ஸ் என்ற நொதியில் இரண்டு வகை: ஒன்று வயிற்றின் உட்சுவரைக் காப்பாற்றுகிறது, மற்றது வீக்கத்தை மூட்டுகிறது. பழைய மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து அடைப்பதால்தான் வயிறு புண்ணாகிறது. இரண்டாவது வகையின் குகையில் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொந்து கூடுதலாக உண்டு. அந்தப் பொந்தில் மட்டும் கால் நுழைக்கிற மூலக்கூறைக் கண்டுபிடித்தால் வயிறு பிழைக்கும், வீக்கம் ஒழியும். எவ்வளவு அழகான யோசனை! அமெரிக்காவின் மெர்க் கம்பெனி அப்படிப்பட்ட மாத்திரையை 1999-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பூட்டும் சாவியும் கச்சிதமாகப் பொருந்தின. திரையில் மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்திலும், மனிதர்களிடத்திலும் வீக்கம் அடங்கியது.

ஆனால் 2000-ஆம் ஆண்டிலேயே, 8,000 பேரை வைத்து நடத்திய பரிசோதனையில், வேறொரு பழைய மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. கம்பெனி என்ன செய்தது? "பழைய மாத்திரை இருதயத்தைக் காப்பாற்றுகிறது போலும், எங்கள் மாத்திரை கெடுக்கவில்லை" என்று வியாக்கியானம் பேசியது! விற்பனை நடந்துகொண்டே இருந்தது. இன்னொரு பரிசோதனையிலும் அதே முடிவு வரவே, 2004 செப்டம்பர் 30-ல் மாத்திரை வாபஸ். அதற்குள் அமெரிக்காவில் மட்டும் 88,000 முதல் 1,40,000 பேர் வரை அதிகப்படியாகக் கடும் இருதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் விஞ்ஞானி டேவிட் கிரகாம் கணக்கிட்டார். 2007-ல் மெர்க் 485 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல்தான்!

பொருந்திய சாவி, பரிசோதிக்கப்பட்ட சாவி, லைசென்ஸ் வாங்கிய சாவி. அதற்கே இந்தக் கதி என்றால், திரையில் மார்க் வாங்கியதைத் தவிர வேறொரு பரீட்சையும் எழுதாத சூரணத்தை நம்பி மடியை அவிழ்க்கச் சொல்கிறவனை என்னவென்று சொல்வது?

இனி நம் ஊர்ச் செடி ஒன்றைப் பார்ப்போம். செங்காந்தள் நம் மாநில மலர். கவிஞர்கள் அதன் இதழை விரலுக்கு உவமை சொன்னார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் அதைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள். கம்பி வேலியில் கொடி ஏற்றி, காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுச் சேர்த்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கு கொடிய விஷம் என்பது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அதே செடியின் விதையிலிருந்து எடுக்கிற கோல்சிசின், உலகத்தின் மிகப் பழைய அழற்சி மருந்துகளில் ஒன்று. கால் பெருவிரல் கணுவில் தீயாய்ச் சுடுகிற கவுட் என்ற வாதத்துக்கு அது கைகண்ட மருந்து. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் சில மில்லிகிராம் இடைவெளிதான். இந்த இடைவெளியைக் காட்டக்கூடிய கம்ப்யூட்டர் மார்க் எதுவும் கிடையாது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்து, அளந்து, இழந்து கற்ற பாடம் அது.

அந்தக் கோல்சிசின் மாத்திரை அமெரிக்காவில் ஒன்று 9 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2009-ல் ஒரு கம்பெனி சிறு பரிசோதனை நடத்தி, முறையான அனுமதியும் சில வருஷத்துக்குத் தனி உரிமையும் வாங்கியது. மற்ற கம்பெனிகளின் மாத்திரை கடையைவிட்டு அகற்றப்பட்டது. விலை? 4 டாலர் 85 சென்ட்! ஐம்பது மடங்குக்கு மேல்! சரக்கு அதே சரக்கு. மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. மூலனூர் விவசாயிக்கு விதை விலை ஐம்பது மடங்கு ஏறியதா? அவர் இன்றைக்கும் வியாபாரி சொல்கிற விலைக்குத்தான் கொடுக்கிறார். சர்க்கார் விலை நிர்ணயம் செய்து கொள்முதல் செய்ய வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கோல்சிசின் கதையில் விஞ்ஞானத்தின் நேர்மையும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இருதய நாளங்களில் நடக்கிற அழற்சிக்கும் இது உதவுமோ என்று சோதித்தார்கள். 5,522 நோயாளிகளை வைத்து நடத்தி 2020-ல் வெளிவந்த பரிசோதனை, தினம் அரை மில்லிகிராம் கொடுத்ததில் மாரடைப்பு முதலியவை குறைந்தன என்றது. 2024-ல், மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற 7,062 பேரை வைத்து நடத்திய வேறொரு பரிசோதனை பலன் தெரியவில்லை என்றது. ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. எந்த நோயாளிக்கு, எப்போது என்று மேலும் துருவுகிறார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் கேட்டும் இன்னும் முடியாத விவகாரம். அதை மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று ஒரு ராத்திரியில் முடித்துவிட்டதாம்!

அப்படியானால் நம் கல்லூரிகளிலிருந்து சல்லடைக் கட்டுரைகளே குவிகின்றனவே, ஏன்? 2020-ல் கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீரின் சரக்குகளை அந்தக் கிருமியின் புரதத்தில் பொருத்திப் பார்த்து எத்தனை பேர் எழுதினார்கள்! மாணவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வராது. ஒரு நொதியை வாங்கிச் சோதிக்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். எலி வளர்க்க இடம் வேண்டும், அனுமதி வேண்டும். உதவித்தொகையே மாதாமாதம் ஒழுங்காக வந்து சேராத மாணவரிடம் ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. பட்டம் வாங்கக் கட்டுரை வேண்டும். அவர் சலிக்கிறார். சலித்ததை அரைக்க ஆலை இல்லை. ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதம் என்று 2020-21-க்கான சர்க்கார் கணக்கே சொல்கிறது. நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை!

ஆலை இருந்ததில்லையா? இருந்தது. சோவியத் உதவியோடு 1961-ல் ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஸ்தாபனத்தைத் தொடங்கினோம். ரிஷிகேசத்திலும் ஐதராபாத்திலும் மருந்து. சென்னையில் ஆபரேஷன் கருவிகள். அந்நியக் கம்பெனிகள் வைத்ததே விலை என்றிருந்த நாட்டில், சொந்தமாக மருந்து செய்யத் தெரிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளிகளும் நிபுணர்களும் அங்கேதான் உருவானார்கள். அதை நோயாளியாக்கி, பட்டினி போட்டு, 2016 டிசம்பரில் மூடிவிடுவது என்று மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. நிலத்தை என்ன செய்வது என்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசி, உள்ளே இருந்த அறிவை என்ன செய்வது என்பதில் காட்டவில்லை.

பொதுப்பணத்தில், பொது நோக்கத்துக்காக மூலிகையைச் சலித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனம் ஒரு சாட்சி. வியட்நாம் போராளிகள் அமெரிக்கக் குண்டைவிட மலேரியாவால் அதிகம் மடிந்துகொண்டிருந்த காலம். 1967 மே 23-ல் சீன சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. அந்தத் தேதியையே பெயராக்கி 523 என்றார்கள். டு யூயூ என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு குழு 2,000 நாட்டு வைத்தியக் குறிப்புகளைத் திரட்டியது. 380 சாறுகளை எலிகளில் சோதித்தது. கம்ப்யூட்டர் இல்லை, பழைய ஏடுகள்தான் அவர்களுக்குச் சல்லடை. ஓர் ஏட்டில், செடியைக் கொதிக்க வைக்காமல் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கண்டு, குறைந்த சூட்டில் வடித்தார்கள். 1971 அக்டோபரில் 191-ஆவது சாறு எலிகளிடம் மலேரியாவை முற்றிலும் ஒழித்தது. அடுத்த வருஷம் அந்த அம்மையாரும் சகாக்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்த ஆர்ட்டெமிசினின் உலகமெங்கும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிவிட்டது. நோபல் பரிசு 2015-ல்தான் வந்து சேர்ந்தது!

நம்மிடம் இன்று டு யூயூவுக்கு இல்லாத சல்லடை இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மாநில சர்க்காரின் டாம்ப்கால் 1983 முதல் சித்த மருந்து செய்துவருகிறது. மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் வீங்கிய மூட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றை ஒரு சங்கிலியாகக் கோக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. தரமணியில் சலித்ததை ஆய்வுக்கூடத்தில் உரசி, எலியிடம் பார்த்து, விஷம் உண்டா என்று தேர்ந்து, அதன்பின் மனிதரிடம் வரட்டும். தொழிலாளியைச் சோதனை எலியாக்கச் சொல்லவில்லை! 2019-ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி விவரம் சொல்லி, சம்மதம் எழுதி வாங்கி, தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு கொடுத்து நடத்தட்டும். தோற்றால் தோற்றது என்று பகிரங்கமாகச் சொல்லட்டும். ஜெயித்தால் அதன் உரிமை ஜனங்களுடையதாக இருக்கட்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே 1995-ல் அமெரிக்காவில் பேட்டண்ட் கொடுத்து, நம் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைக்க வேண்டியிருந்தது. பொதுப்பணத்தில் கண்டதை வெளியே விட்டுவிட்டு மறுபடி கோர்ட் வாசலில் நிற்க நமக்கு நேரமில்லை.

விளம்பர விவகாரத்தில் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்ற அதன் அட்டவணையில் வாதநோயும் இருக்கிறது. ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று 2018-ல் ஒரு விதியும் வந்தது. அந்த விதியை நீக்குவதாக 2024 ஜூலையில் அறிவிப்பு வெளியிட்டது யார்? அதைக் கொண்டுவந்த அதே மத்திய சர்க்கார்! அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அந்த அறிவிப்புக்குத் தடை போட்டது வேறு விஷயம். யாருடைய பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று.

இன்னொன்று. வீங்கிய தோளுக்கு மருந்து தேடுகிற வேகத்தில், தோள் ஏன் வீங்கியது என்பதை மறந்துவிடக்கூடாது. ஒருவர் தூக்கக்கூடிய சுமைக்கு வரம்பு வேண்டும் என்கிற சர்வதேச உடன்படிக்கை 1967-ல் வந்தது. வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்று அதோடு சேர்ந்த சிபாரிசு சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் 2010-ல் கையெழுத்துப் போட்டிருக்கிறது. உங்கள் மண்டியில், உங்கள் கிடங்கில் மூட்டை எத்தனை கிலோ என்று இந்த வாரமே தராசில் போட்டுப் பாருங்கள், சுமைப்பணித் தோழர்களே! அதற்கும் ஒரு மனு தயாராகட்டும்.

பொட்டலக்காரன் சங்க ஆபீசுக்கே வந்தால் விரட்ட வேண்டாம். உட்கார வைத்துக் கேளுங்கள். எத்தனை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தாய்? எந்த ஆஸ்பத்திரி? எந்த அளவு, எத்தனை நாள், யாருக்காவது தீங்கு வந்ததா? ஏற்கெனவே சர்க்கரைக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா? "கம்ப்யூட்டரில் பொருந்தியது" என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால், பொட்டலத்தையும் விளம்பரத் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். ரசீது வாங்கத் தவறாதீர்கள். நகல் ஒன்று நமக்கும் வரட்டும்.